பூக்காத பானைகள்

போகி வந்துவிட்டால் மாயக்காளைக் கையில் பிடிக்க முடியாது. கோச்சடையில் எல்லா வீட்டிலும் வெள்ளையடிப்பார்கள்தான். இவள் வீட்டில் மட்டும் சுவர், தொட்டி, மாட்டுக் கொட்டம், கிணற்றடிக் கல் வரைக்கும் சுண்ணாம்பு ஏறும். அந்த எழுபத்தேழாம் வருஷம் அதற்கு மேலும் ஒரு காரணம் கிடைத்தது. மாட்டுப் பொங்கல் கழிந்த மறுநாள் கோர்ட்டிலிருந்து கமிஷனர் வருகிறார் என்று தகவல் வந்திருந்தது. வருகிறவர் சம்பந்தியோ சர்க்காரோ, அவர் கண்ணில் அழுக்குப் படக்கூடாது என்பது அவள் கட்சி.

கமிஷனர் பார்க்க வருவது வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்புக்குள் இருக்கும் கொட்டகையை. ஓடு வேய்ந்த நீளக் கொட்டகை. அதைத் தாண்டினால் வாழை, வாழையைத் தாண்டினால் நாணல், அப்புறம் வைகை. மார்கழி, தையில் ஆற்றிலிருந்து பனி ஏறி வந்து கொட்டகைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நிதானமாக வெளியேறிப் போகும். அந்தப் பனிக்குள் மாயக்காள் ஆற்று மணலை நனைத்துக் கிளறிவிடுவாள். மணலுக்குள் கழுத்து வரை புதைந்து மானாமதுரைப் பானைகள் நான்கு வரிசையாக நிற்கும். அவற்றில்தான் அவள் புருஷன் முத்திருளன் வலிப்பு மருந்தைச் செய்தான்.

முத்திருளன் காலேஜில் ரசாயனம் படித்தவன். மதராஸில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, போதும் என்று ஊருக்கு வந்தான். வந்தவனைச் சும்மா இருக்க விடாமல் செய்தவன் மாயக்காளின் தம்பி சோணை. சோணைக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. வயலில் விழுவான், வாய்க்காலில் விழுவான், ஒருமுறை அடுப்பங்கரையில் விழுந்து முழங்கை வெந்துபோனது. அதற்கு ஒரு மாத்திரை உண்டு. பம்பாய்க் கம்பெனி போடுகிற மாத்திரை. யானை விலை. அதைக்கூடப் பொறுக்கலாம், கடையில் கிடைக்காது. மதுரையில் இல்லை என்றால் மேலூருக்குப் போகும் பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அங்கேயும் இல்லை என்றால் சாமியைத்தான் கும்பிட வேண்டும். ‘செஞ்சாத்தான் என்ன’ என்று முத்திருளன் ஒரு நாள் கேட்டான். இரண்டு வருஷத்தில் கொட்டகை எழும்பி லைசென்சும் வந்துவிட்டது.

கொதிக்கக் கொதிக்க மருந்துக் கரைசலைப் பானையில் ஊற்றி, ஈர மணலில் மெல்ல ஆறவிடுவார்கள். காலையில் ஊற்றினால் உச்சிப் பொழுதில் மாயக்காள் போய் மூடியைத் திறப்பாள். உள்ளே வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாக மருந்து பூத்திருக்கும். கூரையில் பதித்த ஓட்டுக் கண்ணாடி வழியாக வெயில் விழுந்தால் பானைக்குள் வேறு ஒரு தோப்பு இருப்பது போலத் தெரியும். எத்தனையோ ஈடு பார்த்தாயிற்று, ஒவ்வொரு ஈட்டுக்கும் அவள் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நிற்பாள். சோறு பொங்கியதா, குழம்பு கொதித்ததா என்கிற மாதிரி அவளுக்கு இது ‘பூத்துச்சா’ என்கிற கணக்கு. அந்தப் பூவைக் கழுவி, சுத்தம் செய்து, உலர்த்தினால் பொடி. பொடி மாத்திரை போடுகிறவர்களுக்குப் போகும். சோணைக்கு மட்டும் முத்திருளன் தன் கையால் நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவான்.

பொடி சாப்பிட ஆரம்பித்து இரண்டு வருஷமாகச் சோணை விழவில்லை. பம்ப்செட்டு அவன் பொறுப்பு. தனியாக ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய் வருகிறான். இந்த உலகத்தில் அதைவிடப் பெரிய விஷயம் மாயக்காளுக்கு எதுவும் இல்லை.

ஐப்பசியில்தான் பம்பாய்க் கம்பெனி கேஸ் போட்டது. கோர்ட்டு கொட்டகைக்குத் தடை போட்டு, இருந்த பொடியை எல்லாம் ஓர் அறையில் வைத்து அரக்கு முத்திரை வைத்தது. சோணையின் பொட்டலங்கள் மட்டும் ஏற்கெனவே வீட்டு மாடக்குழியில் இருந்ததால் தப்பின.

“எனக்கு ஒண்ணுதாங்க வெளங்கல,” என்றாள் மாயக்காள் முத்திருளனிடம், கேஸ் வந்த புதிதில். “அவுக மருந்தை நம்ம எடுத்துக்கிட்டோமா? அவுக வீட்டுக் களத்துல போயி அள்ளிட்டு வந்தமா?”

“மருந்து யாருக்கும் சொந்தமில்லைன்னு புதுச் சட்டம் வந்து அஞ்சு வருசமாச்சு. இப்ப செய்யுற வழிதான் சொந்தம். அவுக பெரிய மிசின்ல ஐஸ் மாதிரி குளிர வச்சு எடுக்குறாக. அந்த வழி அவுகளுக்குச் சொந்தம்.”

“நம்ம மணல்லதான ஆத்துறோம்?”

“அதைத்தான் நானும் சொல்றேன். ஆனா, மண்பானையில இது வரவே வராது, எங்க வழியைத் திருடி மறைவா மிசின்ல செஞ்சுட்டு, பாக்குறவுகளுக்குப் பானையக் காட்டுறான்னு அவுக சொல்றாக.”

“ஆத்தி! மிசினை எங்கிட்டு ஒளிச்சு வச்சிருக்கமாம்? வாழைக்குள்ளயா?”

முத்திருளன் சிரித்துவிட்டான். “அதுக்குத்தான் கமிஷனர் வாராரு. அவரு கண்ணு முன்னாடி ஒரு ஈடு எடுத்துக் காட்டணும். பூத்துச்சுன்னா தடை போயிரும். பூக்கலைன்னா கொட்டகைய இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.”

பூக்காமல் எங்கே போகும் என்று மாயக்காள் நினைத்தாள். விடிந்தால் வெயில் வரும் என்பதில் எவ்வளவு நம்பிக்கையோ அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு அதில் இருந்தது.

போகியன்று முத்திருளன் தன் வக்கீலைப் பார்க்க மதராஸ் போயிருந்தான். மாயக்காள் வீட்டை முடித்துவிட்டுக் கொட்டகைக்குள் வந்தாள். சுவருக்கு வெள்ளை அடித்தாள், மணலைச் சல்லடையில் சலித்தாள். பானைகளைப் பார்த்தாள். கறை படிந்த விளிம்பும் உள்ளுக்குள் சாம்பல் பூத்த சுவருமாக, பார்க்கச் சகிக்கவில்லை. போகிக்குப் பழைய பானையை உடைத்துப் புதுப் பானை எடுப்பது அவள் பிறந்த வீட்டிலும் வழக்கம், புகுந்த வீட்டிலும் வழக்கம். அடுப்படிக்குச் செய்ததை இந்த இரண்டு வருஷமாக மருந்துக்குச் செய்யாமல் விட்டோமே என்று தன்னையே கடிந்துகொண்டாள். நான்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் ஆற்றுப் படிக்கட்டில் போட்டு உடைத்தாள். மார்கழித் தண்ணீர் சில்லுகளை உருட்டிக்கொண்டு போனது. மானாமதுரையிலிருந்து வந்த வண்டியில் புதுப் பானை நான்கு பார்த்து, தட்டிப் பார்த்து வாங்கி, கழுத்தில் சுண்ணாம்பும் காவியும் பட்டை தீட்டினாள்.

பொங்கலன்று காலை பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்திறங்கிய முத்திருளன் கொட்டகையைப் பார்த்து, “அடேயப்பா, கோயில் மாதிரியில்ல இருக்கு” என்றான். பானைகளையும்தான் பார்த்தான். படித்தவனுக்கும் அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கமிஷனர் பொழுது விடியும்போதே வந்துவிட்டார். மதுரைக் கோர்ட்டு வக்கீல்தான், கோர்ட்டு அவரை இந்த ஒரு வேலைக்கு நியமித்திருந்தது. வயதானவர், பனிக்கு மப்ளர் சுற்றியிருந்தார். கூடவே பம்பாய்க் கம்பெனிக்காக மதராஸிலிருந்து வந்த வக்கீல் ஒருவர், அதே கம்பெனியின் கெமிஸ்ட் ஒருவர். கெமிஸ்டின் பெயர் அழகுமலை என்று கமிஷனர் கேட்டு எழுதிக்கொண்டார். பேர் நம்மூர்ப் பேராக இருக்கிறதே என்று மாயக்காள் ஏறிட்டுப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கமிஷனர் கொட்டகையின் மூலை முடுக்கெல்லாம் பார்த்தார், வாழைக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மிசின் எதுவும் அகப்படவில்லை.

கரைசல் கொதித்தது. முத்திருளன் ஊற்றினான், மாயக்காள் மூடினாள். பனி விலகி, தென்னை ஓலையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு மாயக்காள் மொச்சைக் குழம்பும் சோறும் வைத்து, பொங்கலுக்கு அவித்த பனங்கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். கேஸ் போட்டவர்களுக்கும் சேர்த்துத்தான். வாசலுக்கு வந்தவனைப் பசியோடு உட்கார வைத்துப் பார்த்திருக்க அவளால் முடியாது. மதராஸ் வக்கீல் வேண்டாம் என்று பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். அழகுமலை ஒரு பனங்கிழங்கை எடுத்துத் தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுநரம்பை ஒரே இழுப்பில் உருவிப் போட்டுவிட்டுக் கடித்தார்.

“ஐயாவுக்கு எந்தூரு?” என்றாள் மாயக்காள்.

அவர் தயங்கினார். “மேலூர்ப் பக்கம். இப்ப பம்பாய்தான்.”

“அதான பாத்தேன்,” என்று இன்னும் இரண்டு கிழங்கை அவர் இலையில் வைத்தாள்.

உச்சிப் பொழுதில் மூடியைத் திறந்தாள். உள்ளே தண்ணீர் நின்றது. ஓட்டுக் கண்ணாடி வழியாக வந்த வெயில் தங்குதடையில்லாமல் பானையின் அடி வரைக்கும் போய் விழுந்தது. இரண்டாவது பானையும் அப்படியே. மூன்றாவது, நான்காவது. ஒரு ஊசிகூட இல்லை. மாயக்காளுக்குக் காதுக்குள் ஆறு ஓடுவது போல இரைந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். தன் முகம்தான் தெரிந்தது.

“இன்னும் கொஞ்சம் ஆறட்டும்,” என்றான் முத்திருளன். அவன் குரல் அவன் குரலாக இல்லை.

ஆறியது. பொழுது மேற்கே சாய்ந்து, நாகமலைப் பக்கம் வானம் மஞ்சளாகத் தொடங்கியது. பானைகள் அப்படியே நின்றன. முத்திருளன் குச்சியால் தட்டினான், கலக்கினான். மதராஸ் வக்கீல் பேனாவை மூடிச் சட்டையில் சொருகிக்கொண்டு, “மண்பானையில தண்ணி நல்லாத்தான் நிக்குது சார்,” என்றார்.

அழகுமலை மட்டும் அசையாமல் பானைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து ஒரு பானையின் உட்சுவரில் விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார். மாயக்காளிடம் தணிந்த குரலில், “பானை எல்லாம் புதுசாம்மா?” என்று கேட்டார்.

“ஆமாய்யா. போகிக்குப் பழச ஒடச்சுப் போட்டுட்டேன்.”

அவர் நகர்ந்து போய்த் தென்னை மரத்தடியில் நின்றுகொண்டார். ஆனால் முத்திருளன் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டான். மாயக்காள் பக்கம் திரும்பினான்.

“பழசு எங்க?”

“ஆத்துல.”

முத்திருளன் மணலில் உட்கார்ந்துவிட்டான். “போச்சு மாயக்கா. அந்தப் பானைச் செவுத்துல பழைய ஈடு ஒட்டிக்கிட்டு இருந்துச்சே, அதுதான் உறை. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் புதுசு பூக்கும். நாம உறை ஊத்தாம இன்னிக்கி பாலைக் காய்ச்சி வச்சிட்டு, தயிர் வரலையேன்னு உக்காந்திருக்கோம். எனக்காவது தெரிஞ்சிருக்கணும். நானும் பாத்துட்டு நல்லாருக்குன்னேனே.”

மாயக்காள் படிக்கட்டுக்கு ஓடினாள். தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சில்லு அகப்பட்டது. மூன்று நாள் இரவும் பகலும் ஆறு கழுவிய சில்லு. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்ததற்கு இப்படி ஒரு தண்டனையா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

திரும்பி வந்தபோது முத்திருளன் கமிஷனரிடம் மன்றாடிக்கொண்டிருந்தான். “பூட்டி வச்சிருக்குற பொடியில ஒரு சிட்டிகை போதும் சார். ஒரே ஒரு சிட்டிகை.”

“முத்திரையை நான் உடைக்க முடியாதுப்பா. அது கோர்ட்டு முத்திரை. வெளியே வேற எங்கயாவது இருந்தா கொண்டு வா.”

வெளியே எங்கே இருக்கிறது என்று எல்லோரையும்விட முதலில் புரிந்துகொண்டவன் சோணை. பம்ப்செட்டுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் வீட்டுக்குப் போய் மாடக்குழியில் கைவிட்டுத் திரும்பி வந்தான். கையில் இரண்டு பொட்டலம்.

“இந்தாக்கா.”

மாயக்காள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். “கொண்டு போயி வையிடா. அது ஒன்னோடது.”

“கடைசி ரெண்டுதான். நாளன்னிக்கு எப்புடியும் தீரப் போகுது. கொட்டகை மூடிட்டா அப்புறம் என்ன செய்வ?”

“கடையில வாங்குவேன்.”

“கடையில இல்லக்கா. நேத்துத்தான் டவுனுக்குப் போயி விசாரிச்சேன்.” அவன் சிரித்தான். “நான் ஒரு மாசமா பாதிப் பாதியாத்தான் போட்டுக்கிட்டு வாரேன். ஒண்ணும் செய்யல. மச்சானுக்குத் தெரிஞ்சா திட்டுவாருன்னு சொல்லல.”

“அடப் பாவி! மண்வாசம் எதுவும் வந்துச்சா?”

வலிப்பு வருவதற்கு முன்னால் சோணைக்கு மழை பெய்த மண்ணின் வாசம் வரும். சின்ன வயதில் அது அவனுக்குப் பிடித்துக்கூட இருந்தது. வாசம் வரும், அப்புறம் ஒரே வெளிச்சம், அதற்குள் எங்கேயோ போய்விட்டு வருவேன் என்பான். திரும்பி வரும்போது வாயில் ரத்தம் இருக்கும்.

“வரலக்கா. சத்தியமா வரல.”

முத்திருளன் வந்து பொட்டலங்களை வாங்கிக்கொண்டான். மச்சினன் முகத்தைப் பார்க்காமல் பிரித்து, பானைக்குக் கொஞ்சமாக நான்கிலும் தூவினான். மதராஸ் வக்கீல் இதை ஒத்துக்கொள்ள முடியாது என்றார். உங்கள் ஆட்சேபணையை எழுதிக்கொள்கிறேன் என்றார் கமிஷனர்.

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் முதல் பானையின் நடுவே ஒரு வெள்ளை நூல் தொங்குவது போல இருந்தது. நூல் கிளை விட்டது. கிளை இலை விட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்தும் சுவரிலிருந்தும் ஊசிகள் சத்தமில்லாமல் எழுந்து, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து, பானை முழுக்க மூடிக்கொண்டு வந்தன. சாய்ந்த வெயில் அதற்குள் புகுந்து மஞ்சளாக நின்றது. கமிஷனர் மப்ளரை அவிழ்த்துவிட்டு மணலில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். மாயக்காள் இத்தனை அழகாக ஒரு ஈடு பூத்து அதுவரை பார்த்ததில்லை.

மதராஸ் வக்கீல்தான் முதலில் சுதாரித்தார். “போட்ட பொடியே திரும்பி வந்திருக்கலாம். உப்பா இருக்கலாம். இதுதான் அந்த மருந்துன்னு யார் சொன்னது? லேபுக்கு அனுப்பணும்.”

லேபுக்கு அனுப்பினால் ஆறு மாசமும் ஆகும், ஒரு வருஷமும் ஆகும் என்று முத்திருளனுக்குத் தெரியும். அதுவரை கொட்டகையில் பூட்டுத் தொங்கும்.

கமிஷனர் அழகுமலையைப் பார்த்தார். “நீங்க கெமிஸ்ட். பார்த்தா தெரியுமே. என்ன சொல்றீங்க?”

அழகுமலை தன் வக்கீலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். “சோதிக்காமச் சொல்ல முடியாது சார்.”

“சரி,” என்று கமிஷனர் அரக்கை உருக்கச் சொன்னார். நான்கு பானைகளுக்கும் துணி கட்டிச் சிவப்பு முத்திரை விழுந்தது. வீடு நிறைய மருந்து, ஒரு சிட்டிகை எடுக்க வழியில்லை.

அப்போதுதான் சோணை, “அக்கா, மழை வரப் போகுதா?” என்று கேட்டான்.

மாயக்காள் அண்ணாந்து பார்த்தாள். தை மாதத்து வானம், துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு மேகம் இல்லை.

“மண்வாசம் நல்லா வருதுக்கா,” என்றான். அடுத்த நொடி விழுந்தான்.

அவள் பாய்ந்து பிடிப்பதற்குள் இன்னொருவர் பிடித்துவிட்டார். அழகுமலை. மணலில் உட்கார்ந்து, சோணையைப் பக்கவாட்டில் திருப்பி, தன் சட்டையைக் கழற்றி அவன் தலைக்கு அணை கொடுத்தார். பம்பாய்ப் பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. “வாயில ஒண்ணும் திணிக்காதீக! கையப் பிடிக்காதீக! காத்து வரட்டும், அங்கிட்டு நகருங்க! ஒண்ணுமில்லக்கா, அழுகாதீக, இப்ப அடங்கிரும். எங்க சின்னய்யா மகனுக்கும் இப்புடித்தான். ஒண்ணுமில்ல மாப்ள, ஒண்ணுமில்ல.”

மாயக்காள் தம்பியின் காலடியில் மணலில் கிடந்தாள். இரண்டு வருஷம் விழாதவன், தான் உடைத்த பானைக்காக விழுந்துவிட்டான் என்ற ஒரே எண்ணம் அவள் நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது. துடிப்பு குறைந்து, மூச்சு சீராகி, சோணை தூங்குகிறவன் போலக் கிடந்தான். அக்கரையில் யாரோ மாட்டை ஓட்டிப்போகும் சத்தம் கேட்டது. பனி மறுபடியும் நாணலுக்கு மேல் எழும்பிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சோணை கண்ணைத் திறந்தான். எங்கே இருக்கிறோம் என்று தெரியாத பார்வை. அது மெல்ல மெல்ல ஊருக்குத் திரும்பி வந்தது. தன் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள் யார் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. நாக்குக் குழற, “பூத்துச்சா?” என்றான்.

மாயக்காள் அவன் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பூத்துருச்சு மாப்ள,” என்றார் அழகுமலை. “நல்லாப் பூத்துருச்சு. அதே மருந்துதான். நான் பதினோரு வருசமா பாக்குறேன்ல, எனக்குத் தெரியாதா?”

மதராஸ் வக்கீல், “மிஸ்டர் அழகுமலை!” என்று கத்தினார்.

கமிஷனர் பேனாவைத் திறந்தார். “அதை எழுதிக்கலாமா?”

அழகுமலை சோணையின் கடைவாயில் வழிந்ததைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“எழுதிக்கங்க சார். மண்பானையிலதான் வந்துச்சு. மிசின் இல்ல. என் கண்ணால பாத்தேன்.”

கமிஷனர் அதை வரி வரியாக எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, முத்திருளன் பக்கம் திரும்பி, “இதுக்கப்புறம் தடை நிக்கிறது கஷ்டம்பா,” என்றார். மதராஸ் வக்கீல் விறுவிறுவென்று காருக்கு நடந்தார்.

அழகுமலை தன் பையைத் திறந்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொண்டுவந்திருந்த மாத்திரைப் பட்டைகளை எல்லாம் எடுத்து மாயக்காள் கையில் வைத்தார். மேலே பம்பாய்க் கம்பெனியின் பேர் நீலத்தில் மினுங்கியது. “நல்லா முழிச்ச பெறகு ஒண்ணு குடுங்கக்கா. மச்சான் அடுத்த ஈடு எடுக்குற வரைக்கும் இது ஓடும்.”

“ஐயா,” என்றாள் மாயக்காள். “ஒங்க வேலைக்கு…”

அவர் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வெறும் பனியனோடு, குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு, பானை வரிசையை ஒருமுறை பார்த்தார்.

“அந்தப் பனங்கிழங்கு மிச்சம் இருக்காக்கா?”

மாயக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.